ஒரு படி மட்டும் பின்னால் போக விடுங்கள்: அறுப்பு வண்டிச் செயலி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய செயலிக் குழுவினருக்கு,

வணக்கம். திருநெல்வேலி மாவட்டம் சேரன்மகாதேவி வட்டத்திலிருந்து எழுதுகிறேன். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இப்போது பிசான அறுப்பு, அதாவது மழைக்காலத்தில் நட்ட நெல்லின் அறுப்பு. ஊர்க்காரர்கள் பலருக்கு உங்கள் செயலியில் நெல் அறுக்கும் வண்டியை வாடகைக்குப் பதிவு செய்து கொடுப்பவன் நான். கிராமம் தேர்ந்தெடுக்கும் பட்டியலைப் பற்றிப் போன வருஷமே உங்களுக்குப் புகார்கள் வந்தன. நானும் எழுதினேன். "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று பதில் வந்தது. ஆகவே முன்கதையை மறுபடி விரிக்கவில்லை. கேட்பது ஒன்றுதான். பட்டியலுக்குள் இருக்கும்போது போனின் பின் பட்டனை (பேக்) அழுத்தினால், இப்போதுபோல முதல் படிக்கே போகாமல், ஒரு படி மட்டும் பின்னால் போக வேண்டும். அதுவரை தேர்ந்தெடுத்தவை அப்படியே இருக்க வேண்டும்.

இதைப் பொதுவில் எழுதக் காரணம் எங்கள் தெரு ஆச்சி ஒருத்திக்குப் போன வாரம் நேர்ந்தது. ஒன்றரை ஏக்கர், அம்பை 16 ரக நெல். கதிர் முற்றித் தலை சாய்ந்துவிட்டது, மேற்கே மலைப்பக்கம் மேகம் வேறு கூடிக்கொண்டிருந்தது. ஆச்சி போனுக்குப் புதியவள் அல்ல. வங்கியில் பணம் ஏறியதா என்று அவளே பார்ப்பாள், வெளியூர்ப் பேத்தியுடன் வீடியோவில் பேசுவாள். கண்புரை அறுவை செய்த கண் என்பதால் எழுத்தை மட்டும் பெரிதாக வைத்திருக்கிறாள். "பயன்படுத்தத் தெரியாதவர்கள்" என்று உங்கள் உதவி மையத்தில் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதற்காகத்தான் இதைக் குறிப்பிடுகிறேன்.

மாவட்டம், வட்டம், குறுவட்டம், கிராமம், வயலின் நிலை, வண்டி வகை என்று ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு அடுக்கு. ஆச்சி ஒவ்வொன்றாகத் தொட்டு கிராமம் வரை வந்துவிட்டாள். அவளுடைய கிராமம் பகுதி 1, பகுதி 2 என்று இரண்டாகப் பிரிந்தது. எழுத்து பெரிதாக இருந்ததால் பெயரின் கடைசி வெட்டுப்பட்டு அந்த இடத்தில் மூன்று புள்ளி நின்றது. இரண்டு வரியும் பார்க்க ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றைத் தொட்டாள். வயல் நிலைக்கு "சேறு", வண்டிக்கு "பெல்ட்" (டயருக்குப் பதில் பட்டையில் ஓடும், சேற்றில் இறங்கக்கூடிய வண்டி) என்று கொடுத்தாள். அடுத்த பக்கத்தில்தான் முழுப் பெயர் தெரிந்தது, அது மற்றப் பகுதி. சரி, மாற்றிவிடலாம் என்று பின் பட்டனை அழுத்தினாள். நேராக மாவட்டப் பட்டியலில் போய் நின்றது. மறுபடி வட்டம், குறுவட்டம் என்று இறங்கினாள், நடுவில் கை தவறிப்பட்டது, பின்னால் போனாள், மறுபடியும் மாவட்டம்.

"எய்யா, நான் சேர்மாதேவிக்குப் போகணும்னா இது என்னையத் திருநெவேலிக்கே கொண்டு விடுதே" என்று அவள் கேட்டபோது பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அப்புறம் ஒருவழியாகச் சரியான பகுதியைப் பிடித்துவிட்டாள்.

அந்தத் தடவை வண்டி வகையை உங்கள் செயலி கேட்கவே இல்லை. முன்பே சொல்லியாயிற்று என்று அந்தப் படியைத் தாண்டிவிட்டது. ஆனால் உள்ளே பதிவானது அவள் சொன்ன பெல்ட் அல்ல, பட்டியலின் முதல் வரியில் இருக்கும் டயர் வண்டி. உறுதி செய்யும் பக்கத்தில் தேதியும் தொகையும் பெரிதாகத் தெரிகின்றன, வண்டி வகை எங்கேயும் இல்லை. மறுநாள் காலையில் வாய்க்கால் கரையில் டயர் வண்டி வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி வயல் சேற்றில் காலை வைத்துப் பார்த்தார். "இதுல இறக்குனா வண்டிய எடுக்க இன்னொரு வண்டி வரணும் ஆச்சி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. சற்று நேரத்தில் ஆச்சியின் போனில் செய்தி வந்தது. ரத்துக் கட்டணம் பிடிக்கப்பட்டது, காரணம்: வாடிக்கையாளரின் தவறான தேர்வு.

அடுத்த பெல்ட் வண்டி கிடைக்க நான்கு நாள் ஆனது. நடுவில் ஒரு ராத்திரி முழுக்க மழை. நெல் படுத்துவிட்டது. கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்றால் காயவைத்துக் கொண்டுவரச் சொல்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, விவசாயிகளுக்கான நிறுவனம் என்றுதானே விளம்பரம் செய்கிறீர்கள். ரோட்டில் இரண்டு நாள் காயவைத்துப் பார்த்தாள், தூறல் விட்டபாடில்லை. கடைசியில் வியாபாரி சொன்ன விலைக்கே போட்டாள். எவ்வளவு நஷ்டம் என்று நான் எழுதப்போவதில்லை. அந்தக் கணக்கு அவளுக்கும் வியாபாரிக்கும் தெரியும்.

உதவி மையத்தைக் கூப்பிட்டேன். தற்காலிகச் சேமிப்பை அழியுங்கள், செயலியை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள், போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்றார்கள். மூன்றையும் செய்தாயிற்று. வேறு போனிலும் பார்த்தாயிற்று. பழுது போனில் இல்லை என்பதற்கு ஒரு சின்ன அடையாளம் சொல்கிறேன். திரையின் மேல் மூலையில் நீங்கள் வரைந்திருக்கும் அம்புக்குறியைத் தொட்டால் ஒழுங்காக ஒரு படிதான் பின்னால் போகிறது. போனின் பின் பட்டனை அழுத்தினாலோ, ஓரத்திலிருந்து விரலால் தள்ளினாலோதான் மாவட்டத்துக்குப் போய்விடுகிறது. ஆறு அடுக்கையும் ஒரே பக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டுகிறீர்கள் போலிருக்கிறது. உங்களுக்கு அது ஆறு படி, ஆண்ட்ராய்டுக்கு ஒரே பக்கம். பின் பட்டனை அழுத்தியதும் அது அந்தப் பக்கத்தையே மூடிவிடுகிறது, பட்டியல் மறுபடி மாவட்டத்திலிருந்து தொடங்குகிறது. எந்தப் படியிலிருந்து எந்தப் படிக்கு வந்தார் என்ற வரிசையைச் செயலி நினைவில் வைத்து, பின் பட்டனையும் அம்புக்குறியையும் ஒரே வேலை செய்யவைத்தால் இது தீரும். நான் மென்பொருள் படித்தவன் அல்ல, ஆனால் உங்களிடம் படித்தவர்கள் இருப்பார்கள்.

நடுவில் போன் அழைப்பு வந்தாலும் இதே கதைதான். அறுப்புக் காலத்தில் அழைப்பு வராத போன் ஏது? விலை குறைந்த போன்களில் பேசி முடித்துத் திரும்புவதற்குள் ஆண்ட்ராய்டு உங்கள் பக்கத்தை நினைவகத்திலிருந்து இறக்கிவிடுகிறது. நீங்களோ எதையும் சேமித்து வைப்பதில்லை, எல்லாம் முதலிலிருந்து. உங்கள் அலுவலகத்துப் புதுப் போன்களில் இது தெரியாது. போனின் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்" என்று, வெளியே போனதும் பக்கத்தை உடனே மூடிவிடும் அமைப்பு ஒன்று இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுப் பாருங்கள், உடனே தெரியும். கூடவே எழுத்தளவையும் ஆச்சி வைத்திருப்பதுபோல ஆகப் பெரிதாக வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. வட்டத்தின் பெயரைத் தொட்டால் வட்டம் முழுவதும் தேர்வாகிறது, ஓரத்தில் உள்ள குட்டி முக்கோணத்தைத் தொட்டால்தான் உள்பட்டியல் திறக்கிறது. ஒரே வரியில் இரண்டு வேலை. வட்டம் முழுவதற்கும் யார் அறுப்பு வண்டி கூப்பிடப்போகிறார்கள்? தொடும் இடம் 48 டிபி (திரையில் அளக்கும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்று ஆண்ட்ராய்டின் வழிகாட்டுதலே சொல்கிறது. உங்கள் முக்கோணம் அதில் பாதி இருந்தால் அதிசயம். வயலில் நிற்பவனின் விரல் தடிமனாகவும் ஈரமாகவும்தான் இருக்கும்.

உள்பட்டியலை உருட்டப் போனால் வெளிப்பக்கம் உருளுகிறது. ஊர்ப் பெயர்களைத் தமிழில் காட்டிவிட்டு ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கியிருக்கிறீர்கள். கோபாலசமுத்திரத்தைக் கல்லிடைக்குறிச்சிக்குக் கீழே தேடினால் கிடைக்காது, ஆங்கிலத்தில் ஜி என்பதால் அது மேலே எங்கேயோ இருக்கிறது. தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். ஆலங்குளம் அதோடு போய்விட்டது. உங்கள் பட்டியலில் மட்டும் ஆலங்குளம் இன்னும் திருநெல்வேலியைவிட்டுப் பிரிய மனமில்லாமல் இருக்கிறது. புதூர் என்று தேடினால் வரிசையாகப் புதூர்கள் வருகின்றன, எது எந்த வட்டத்துப் புதூர் என்று பக்கத்தில் ஒரு சொல் இல்லை. ஆனால் பொங்கலன்று செயலியைத் திறந்ததும் திரை முழுக்கப் பானை பொங்கிக் கரும்பு ஆடியது. அது தடங்கலில்லாமல் ஓடியது, பெரிய எழுத்திலும் வெட்டுப்படவில்லை. அந்தப் பானையைச் செய்தவரிடம் இந்தப் பட்டியலையும் ஒப்படைத்துப் பார்க்கலாம்.

முன்பெல்லாம் புரோக்கருக்கு ஒரு போன் போட்டால் போதும். "எந்த வயலு, மேலப்பத்தா கீழப்பத்தா, தண்ணி வடிஞ்சிட்டா?" என்று அவரே கேட்டுப் பெல்ட் வண்டியா டயர் வண்டியா என்று முடிவு செய்துவிடுவார். கமிஷன் வாங்கினார், மறுக்கவில்லை. நீங்களும் வாங்குகிறீர்கள். இந்தப் பக்கத்து வண்டிக்காரர்கள் பெரும்பாலும் உங்களிடம் சேர்ந்துவிட்டதால் இப்போது அவரைக் கூப்பிட்டால் "செயலியில போடுங்க அண்ணாச்சி" என்கிறார். எல்லாவற்றையும் செயலிக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு அதற்குள் நடக்க வழி மட்டும் விடாமல் இருந்தால்...

சரி, கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவும். உங்கள் செயலியே வேண்டாம் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. மணிக்கு இவ்வளவு வாடகை என்று முன்கூட்டியே தெரிவதும், வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று பார்க்க முடிவதும் உபகாரமான காரியங்கள். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

பணிவாகக் கேட்டுக்கொள்வது இது. பின் பட்டனை அழுத்தினால் ஒரு படி மட்டும் பின்னால் போகட்டும். விட்ட வரியிலேயே பட்டியல் நிற்கட்டும். மேல்படியில் ஒன்றை மாற்றினால் கீழ்ப்படியில் உள்ளதைச் சத்தமில்லாமல் மாற்றாமல், மறுபடி கேளுங்கள். பணம் பிடிக்கும் முன் மாவட்டத்திலிருந்து வண்டி வகை வரை அத்தனையையும் முழுப் பெயரோடு ஒரு பக்கத்தில் காட்டுங்கள். ஊர் வரிசை, முக்கோணம், ஆலங்குளம் எல்லாம் அதற்குப் பிறகு ஆகட்டும், அவசரமில்லை.

ஜூனில் பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் கார் பருவ நெல் நடவு தொடங்கும், செப்டம்பரில் மறுபடி அறுப்பு. அதற்குள் இதை முடித்துவிட முடியும் என்று நம்புகிறேன். அதுவரை உதவி மையத்தில் ஒருவர் போனிலேயே கேட்டுப் பதிவு செய்துகொள்ள ஏற்பாடு செய்யுங்கள், பதிவு செய்ததை அவர் ஒருமுறை வாசித்துக் காட்டட்டும். ஆச்சியிடம் பிடித்த ரத்துக் கட்டணத்தை அவளுடைய கணக்கில் திருப்பிப் போடுங்கள். பதிவு எண்ணும், பட்டியல் குதிப்பதைப் படம்பிடித்த வீடியோவும் உங்கள் உதவி மையத்துக்கு ஏற்கெனவே அனுப்பியிருக்கிறேன். திறந்துகூடப் பார்க்காமல் "தீர்க்கப்பட்டது" என்று மூடியிருக்கிறார்கள், அதை மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சேரன்மகாதேவி வட்டத்து விவசாயி ஒருவன்