செயலாளர் ஆண்டறிக்கை: முதலிடம் வேறு, தகுதி வேறு

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நம் பனி விளையாட்டுச் சங்கத்தின் செயற்குழு இந்த ஆண்டு மாதம் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் ஒரே ஒரு கேள்விக்குத்தான் விரிவாகப் பதில் சொல்லப்போகிறேன். ஆண்டு முழுக்க என்னை வழிமறித்து எல்லோரும் கேட்டது அதுதான்: "எங்கள் பிள்ளை போன பந்தயத்தில் முதலாவதாக வந்தானே, அப்புறம் ஏன் ஒலிம்பிக் தகுதிப் பட்டியலில் பெயர் இல்லை?"

ஆல்பைன் பனிச்சறுக்கில், அதாவது மலைச்சரிவில் கீழ்நோக்கிச் சறுக்கும் பந்தயத்தில், கோப்பையை யாரும் எண்ணுவதில்லை, புள்ளியைத்தான் எண்ணுகிறார்கள். அதுவும் குறையக் குறைய நல்லது. சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பான ஃபிஸ் போடும் கணக்கில் இரண்டு பகுதி உண்டு. முதலாவது, வென்றவரைவிட நாம் எவ்வளவு பின்தங்கினோம் என்பது. கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலோமில் அந்த விகிதத்தை 730 ஆல் பெருக்குவது வழக்கம். வென்றவர் இரண்டு சுற்றும் சேர்த்து 100 விநாடியில் முடிக்க, நம் ஆள் 110 விநாடி எடுத்தால் 73 புள்ளி. இரண்டாவது, அபராதப் புள்ளி. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், யாரும் தவறு செய்ததற்காக அல்ல. களத்தில் இறங்கியவர்கள் எவ்வளவு வலுவானவர்கள் என்று பார்த்து, பந்தயத்தை முடித்த எல்லோருக்கும் ஒரே அளவில் சேர்ப்பது. பெரிய ஆட்கள் வந்தால் குறையும், வராவிட்டால் ஏறும்.

இப்போது கூட்டிப் பாருங்கள். அபராதம் 120 உள்ள சின்னப் பந்தயத்தில் முதலாவதாக வந்தவருக்கு 120 புள்ளி. அபராதம் 30 உள்ள பெரிய பந்தயத்தில் அதே பத்து விநாடி பின்தங்கி, பட்டியலின் அடியில் கிடப்பவருக்கு 103. தோற்றவர்தான் முன்னால் நிற்கிறார். நம் வீராங்கனையைத் தொலைதூரப் பந்தயங்களுக்கு அனுப்பியபோது, "வெறுங்கையோடு வரவா இவ்வளவு செலவு?" என்று முணுமுணுத்தவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அந்தக் கணக்கு புரியும்வரை நானும் முணுமுணுத்தவன்தான்.

2022 பெய்ஜிங் போட்டிக்கு, இந்தப் பிரிவில் பெரிய வீரர்கள் இல்லாத நாடுகளுக்கு வைத்த வரம்பு 160 புள்ளி. ஸ்லாலோமிலோ, கம்பங்கள் இன்னும் தள்ளித்தள்ளி இருக்கும் ஜயன்ட் ஸ்லாலோமிலோ சிறந்த ஐந்து முடிவுகளின் சராசரி அதற்குள் இருக்க வேண்டும். 2018 பியோங்சாங்கில் அது 140. ஆக, ஒரு நல்ல நாள் போதாது, ஐந்து வேண்டும். வரம்புக் கோடும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. பழைய தாளை வைத்துக்கொண்டு திட்டம் போடாதீர்கள்.

இந்தக் கெடுபிடி ஒருநாளில் வந்ததல்ல. 1988 கால்கரியில் பிரிட்டனின் எடி எட்வர்ட்ஸ், பனிச்சறுக்குப் பலகையோடு சரிவிலிருந்து தாவும் ஸ்கை ஜம்பிங்கில் கடைசியாக வந்தும் எல்லோருக்கும் செல்லப்பிள்ளையானார். அதற்குப் பிறகு விதிகளை இறுக்கினார்கள். இறுக்கினாலும் சந்து இருக்கத்தான் செய்தது. 2018இல் ஹங்கேரிக்காக ஹாஃப்பைப்பில் (பாதிக் குழாய் வடிவப் பனிப்பள்ளத்தில் வித்தை காட்டும் போட்டி) இறங்கிய எலிசபெத் ஸ்வேனி, ஆள் குறைவாக வரும் உலகக் கோப்பைப் போட்டிகளில் கலந்துகொண்டு, பெரிய வித்தை எதுவும் காட்டாமல், விழாமல் சறுக்கியே தகுதிக்குத் தேவையான முதல் முப்பதுக்குள் வந்துவிட்டார். ஏமாற்று வேலை என்றார்கள் சிலர். விதிப்புத்தகத்தை ஒழுங்காகப் படித்தவர் என்பேன் நான்.

ஸ்கேட்டிங் பிரிவினருக்கு ஒரு வார்த்தை. அங்கே வீரர் சம்பாதித்துத் தரும் இடம் நாட்டுக்குச் சேரும், யார் போவது என்பது அந்த நாட்டின் முடிவு. 2022இல் 500 மீட்டர் வேகச் சறுக்கில் முன்னணியில் இருந்த எரின் ஜாக்சன், அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் கால் தடுமாறி மூன்றாவதாக வந்தார். முதலாவதாக வந்த பிரிட்டனி போவ் தன் இடத்தை விட்டுக்கொடுத்தார். ஜாக்சன் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினார். போவுக்கும் பிறகு ஓர் இடம் கிடைத்தது. நம் தேர்வுக் குழு இதைப் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காரணம் அவர்களுக்கே தெரியும்.

கடைசியாக, ஃபிஸ் உரிமம் தேசியக் கூட்டமைப்பு வழியாகத்தான் கிடைக்கும், தனி ஆள் நேரே வாங்க முடியாது. புதிய பருவம் ஜூலை 1 அன்று தொடங்கும். சென்ற முறை ஒரு பையனின் படிவத்தில் பிறந்த தேதியை நான் தவறாக எழுதியதால் அவனுக்கு இரண்டு பந்தயங்கள் போயின. அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், சபையிலும் கேட்கிறேன். இந்த முறை படிவங்களை மே மாதத்திலேயே கொடுத்துவிடுங்கள். நான் நிரப்பியதை நீங்களும் ஒருமுறை சரிபாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்