ஜீப் நீளமாகட்டும், நாலு சக்கரமும் இழுக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். மகிந்திரா தன் ‘தார்’ ஜீப்புக்கு ஐந்து கதவு வைத்து ராக்ஸ் என்று விட்டதும், மாருதி தன் ‘ஜிம்னி’ ஜீப்பை நீட்டி விற்பதும் ஜீப்பின் மானத்தை வாங்கிவிட்டதாகக் கட்டுரையாளர் வருத்தப்பட்டிருந்தார். பொதுப்பணித்துறையில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். நீடாமங்கலம் பக்கம், வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் பிரிகிற மூணாறு தலைப்பு மதகுகளைச் சுற்றித்தான் என் வேலை. அவர் சொல்வதில் பாதியை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

ஜீப் எந்தக் காலத்தில் குடும்ப வண்டியாக இல்லாமல் இருந்தது? அமெரிக்க வில்லிஸ் ஜீப்பை மகிந்திரா இங்கே பாகங்களைப் பூட்டி விற்க ஆரம்பித்தது 1940களின் கடைசியில். பிறகு அதையே நீட்டினார்கள், பின்னால் எதிரெதிராகப் பெஞ்சு போட்டார்கள். கமாண்டர் என்ற நீள ஜீப் வந்த காலத்தில் மன்னார்குடியில் முகூர்த்தம் முடிந்தால் பெண் வீட்டார் மொத்தமும் குத்துவிளக்கு, அண்டா சகிதம் அதில்தான் ஏறுவார்கள். பெல்ட்டும் கிடையாது, ஒன்றும் கிடையாது. பின்னால் தொங்கிக்கொண்டு வருகிற மாமாவை இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். ராக்ஸில் ஆறு ஏர்பேக் இருக்கிறது, பாரத் என்கேப் என்ற மோதல் பாதுகாப்புச் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது. இதைப் போய் மானக்கேடு என்றால் எப்படி?

என் மனைவிக்கு முழங்கால் வலி. மூன்று கதவுத் தாரில் முன் சீட்டை மடக்கிவிட்டுப் பின்னால் ஏறச் சொன்னால் அவள் என்னைத்தான் திட்டுவாள். அந்த வகையில் பின் சீட்டுக்குத் தனிக் கதவு வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

நீளத்தால் நஷ்டமே இல்லை என்று சொல்லவில்லை. மூன்று கதவுத் தாரின் நீளம் 3,985 மில்லிமீட்டர், ராக்ஸ் 4,428. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள இடைவெளி 2,450 ஆக இருந்தது 2,850 ஆகிவிட்டது. பைபாஸில் போகிறவருக்கு இந்த 40 சென்டிமீட்டர் சுகம். குட்டை ஜீப்பைப் போலத் தூக்கித் தூக்கிப் போடாது. ஆற்றங்கரையில் கதை வேறு. ரோட்டிலிருந்து கரைக்கு ஏறும் சரிவு முடிகிற இடத்தில் நீள வண்டிக்கு வயிறு தட்டும். கரைமேல் திருப்பவும் முடியாது. ராக்ஸின் அகலம் கண்ணாடி இல்லாமலே ஆறடிக்கு மேல். பழைய குட்டை ஜீப்பிலேயே மதகடியில் கரை கொஞ்சம் அகலமாகிற இடம் வரைக்கும் ரிவர்ஸிலேதான் வருவோம். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பள்ளத்தில் வயல்.

ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் எங்களைக் காப்பாற்றியது குட்டை உடம்பு மட்டும் இல்லை. பாமணியாற்றுக் கரையில் ஒரு ராத்திரி உடைப்பு. மணல் லாரி மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. ஜீப்பில் மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் ஏற்றிக்கொண்டு, முன்னால் லஸ்கர், அதாவது ஆற்றுக் கரையைப் பார்த்துக்கொள்ளும் துறை ஊழியர், டார்ச் அடித்துக்கொண்டு நடக்க, பின்னாலேயே போனேன். டெல்டா களிமண் நனைந்தால் டயர் பட்டைக்குள் போய் அடைத்துக்கொள்ளும். கொஞ்ச தூரத்தில் பட்டை இருந்த அடையாளமே இருக்காது, டயர் மொழுமொழுவென்று ஆகிவிடும். இன்னும் போனால் மட்கார்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மண் இறுகிச் சக்கரமே சுற்றாது; இறங்கி அரிவாளால் நோண்டி எடுக்க வேண்டும். அந்த மண்ணில் பின் சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி நின்ற இடத்திலேயே குழி பறிக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் போட்டு லோ கியரில், ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஊர்ந்தால் போகும். சிக்கினால் சக்கரத்துக்கு அடியில் போடத் தென்னை மட்டை நாலைந்து எப்போதும் வண்டியில் கிடக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டுரையாளர் கதவை எண்ணினார். எந்தெந்தச் சக்கரம் இழுக்கிறது என்று பார்க்கவில்லை. ராக்ஸ் 2024 ஆகஸ்டில் வந்தபோது ஷோரூம் விலை 12.99 லட்சத்தில் ஆரம்பம். ஆனால் ஃபோர் வீல் வேண்டுமென்றால் டீசலில், மேல் மாடல்களில்தான். அதன் விலை ஆரம்பித்ததே 18.79 லட்சத்தில். பெட்ரோலில் ஃபோர் வீலே கிடையாது. ஜீப் முகத்தோடு வருகிறது, ஜீப்பின் வேலைக்கு மட்டும் தனிக் காசு. என் மகன் திருச்சியில் இருக்கிறான், ராக்ஸ் வாங்கப் போகிறேன் என்றான். நீ ஓட்டுகிற ரோட்டுக்குப் பின் சக்கரம் இழுத்தால் போதும், மிச்சப் பணத்தை வைத்துக்கொள் என்றுதான் சொன்னேன். அவனுக்குச் சரி. மேலவாய்க்காலுக்கு அந்தப் பக்கம் சாகுபடி பண்ணுகிறவர் என்ன செய்வார்?

அரசாங்கத்தின் வரிக் கணக்கும் அதே போலத்தான் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள் இருந்து, டீசல் இன்ஜின் 1500 சிசிக்குள் இருந்தால் ஜிஎஸ்டி 18 சதவீதம். தாரில் அந்தச் சின்ன டீசல் இன்ஜின் உண்டு, ஆனால் அதற்கு ஃபோர் வீல் கிடையாது. ஃபோர் வீல் வேண்டுமென்று 2.2 லிட்டர் இன்ஜினுக்குப் போனால், வண்டி நாலு மீட்டருக்குள்ளேயே இருந்தாலும் 40 சதவீதம். டிராக்டரை விவசாயத்துக்கு என்று 5 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள், சந்தோஷம். சேற்றில் போகிற ஜீப்பை மட்டும் ஆடம்பரக் கார் வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஜிம்னி கொஞ்சம் நியாயமான வண்டி. ஐந்து கதவு வந்த பிறகும் எல்லா மாடலிலும் ஃபோர் வீலும் லோ கியரும் உண்டு. ஆனால் அதன் மூன்று கதவு வண்டியை, அச்சு இடைவெளி 2,250 மில்லிமீட்டர்தான், நம் நாட்டிலேயே செய்து கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். இங்கே கேட்டால் கிடையாது. குட்டை வண்டிக்கு இங்கே ஆள் இல்லை என்று யார் முடிவு செய்தார்கள் என்று தெரியவில்லை. எங்கள் பக்கத்துக் கரை ரோடுகளைப் பார்த்தவர்கள் அப்படி முடிவு செய்திருக்க மாட்டார்கள்.

குடும்பத்துக்கு நீளமாக ஒன்று, கரைக்குக் குட்டையாக ஒன்று, இரண்டிலும் அடிமட்ட மாடலிலேயே ஃபோர் வீல். கம்பெனிக்காரர்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். அந்த 40 சதவீத வரியைப் பற்றித் தங்கள் நாளிதழில் ஒரு தலையங்கம் வந்தால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஜீப் ஓட்டுநர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.