மதியம் ஷட்டரைத் தட்ட வேண்டாம்

எங்கள் கடிகாரக் கடையின் அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

"செல் மாத்த பத்து நிமிஷம், எங்கப்பா கட்டின எச்.எம்.டி. கீ வாட்சுக்கு மட்டும் பத்து நாளா?" என்று போன வாரம் ஓர் அம்மா கோபித்துக்கொண்டார். நியாயம்தான். காரணத்தை எல்லோருக்குமாக எழுதிவிடுகிறோம்.

வேலூர் லாங் பஜாரின் காலை நேரம் உங்களுக்குத் தெரியாததல்ல. லோடு வண்டி குறுக்கே நிற்கும், மூட்டை இறங்கும், நேதாஜி மார்க்கெட்டுக்குப் போகிற தள்ளுவண்டிக்காரர் வழி கேட்டுக் கத்துவார். ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தால் எங்கள் மேஜை அதிரும். கீ கொடுக்கிற கடிகாரத்துக்குள் ஒரு சின்னச் சக்கரம் நொடிக்கு ஐந்து துடிப்பு துடிக்கிறது. அதை ஆட்டுவிக்கும் ஹேர் ஸ்பிரிங் பெயருக்கேற்ற மெலிசு. இடுக்கியில் பிடித்திருக்கும்போது கை லேசாக அசைந்தாலும் கோணிவிடும். திருகாணி எகிறினால் கதவோர சாக்கடைதான். எச்.எம்.டி. கம்பெனியின் கைக்கடிகாரத் தொழிலை மூட 2016-இல் முடிவானதிலிருந்து, தொலைந்த பாகத்துக்கு இன்னொரு பழைய கடிகாரத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

அதனால் மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரைதான் கீ கடிகாரங்களைத் திறக்கிறோம். வேலூர் வெயிலைத் திட்டாதவர் இல்லை; எங்களுக்கு அதுதான் தெருவை அடக்கித் தருகிறது. ஃபேன் மட்டும் போட முடியாது, பாகங்கள் பறந்துவிடும். வியர்வையைத் துடைத்துத் துடைத்து ஒரு நாளைக்கு இரண்டு கடிகாரம் முடிந்தால் பெரிய விஷயம்.

இன்னொன்று. வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தவர்கள் நின்றுபோன கடிகாரத்தோடு வந்தால், வரிசையில் முன்னே விடுகிறோம். டாக்டர் பார்க்கும் நேரம் அவர்களுக்குத் தவறக் கூடாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

காட்பாடிப் பக்கம் அமைதியான இடமாகப் போகலாமே என்கிறார்கள். மணிக்கூண்டை விட்டு எங்கே போவது? 1914-18 போருக்கு இங்கிருந்து போன 277 பேரையும், உயிர்விட்ட 14 பேரையும் சொல்லும் கல்வெட்டு அதில் இருக்கிறது. அதை நின்று படிப்பவர் அபூர்வம். மணி பார்க்க அண்ணாந்தவர்கள்தான் அடுத்து தம் கையைப் பார்த்துவிட்டு எங்கள் கடைக்கு வருகிறார்கள்.

கீ கடிகாரங்களை மாலை ஐந்துக்கு மேல் கொடுங்கள். மதியம் ஷட்டர் பாதி இறங்கியிருந்தால் கடை மூடியதாக நினைத்துத் திரும்பிவிடாதீர்கள். தட்டாமல், மெதுவாக ஒரு குரல் கொடுங்கள். கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வருகிறோம்.

இப்படிக்கு,
மணிக்கூண்டுப் பக்கத்துக் கடிகாரக் கடை