என் காரை எனக்கேற்ப மாற்றித் தந்தவர்களுக்கு

வணக்கம்.

இந்த ஜூனில் பள்ளி திறந்த அன்று, திண்டுக்கல் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து 14 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் என் பள்ளிக்கு நானே கார் ஓட்டிக்கொண்டு போனேன். 2018இல் நடந்த பைக் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே எனக்கு உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. ஏழு வருடமாக யாராவது கொண்டுபோய் விட வேண்டும், யாராவது கூட்டி வர வேண்டும். அதை மாற்றியவர்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் கோவைப் பட்டறை அண்ணனுக்கு. "உங்களுக்கு எதுக்கும்மா கார், டிரைவர் வச்சுக்குங்க" என்று ஒரு டிரைவிங் ஸ்கூலில் திருப்பி அனுப்பிய மறுநாள்தான் உங்களுக்கு போன் செய்தேன். நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "வீல்சேர் எவ்வளவு உயரம்மா?" சீட்டும் அதே உயரத்தில் இருந்தால்தான் பலகை வைத்து நகர்ந்து ஏற முடியும் என்றீர்கள். கியர் மாற்றும் வண்டி வேண்டாம், ஆட்டோமேட்டிக் பாருங்கள் என்றீர்கள்.

ஸ்டீயரிங்கின் இடப்பக்கம் நீங்கள் பொருத்திய லீவரை முன்னால் தள்ளினால் பிரேக், என் பக்கம் இழுத்தால் ஆக்சிலரேட்டர். தண்டுகள் கீழே பெடலோடு இணைந்திருப்பதால் என் தம்பி எப்போதும்போல் காலாலும் ஓட்டலாம். வலது கைக்கு ஸ்டீயரிங்கில் ஒரு குமிழ். சரி, இரண்டு கையும் வேலையாக இருந்தால் ஹாரன் யார் அடிப்பது? நம் ஊர் சாலையில் அது இல்லாமல் முடியுமா? நான் யோசிக்கும் முன்பே லீவர் நுனியில் ஹாரன் பட்டன் வைத்திருந்தீர்கள். என் கால்கள் சில நேரம் தானாக வெட்டி இழுக்கும். அவை பெடலில் போய் மோதாதபடி ஒரு தகடும் அடித்துக் கொடுத்தீர்கள்.

ஒன்றை மட்டும் நான் மறக்கவே மாட்டேன். வண்டியை ஒப்படைக்கும் முன் உங்கள் இரண்டு கால்களையும் துண்டால் சீட்டோடு கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தீர்கள். ஏன் என்று கேட்டேன். "கால் சும்மா இருந்தா அதுவே பிரேக்கைத் தேடிப் போயிடும்மா. அப்புறம் லீவர் சரியா இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

வேலூர் பாகாயத்து மறுவாழ்வு மையத்தில் எனக்குப் பயிற்சி தந்த அக்காவுக்கு நன்றி. 1954இல் கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் திறந்த இடம் அது. அவர் கதையை எனக்குச் சொன்னதும் நீங்கள்தான் அக்கா. கைகளை ஊன்றி அடிக்கடி உடம்பைத் தூக்காவிட்டால் வலி தெரியாமலே புண் வரும் என்றீர்கள். இப்போது நீண்ட தூரம் போகும்போது வண்டியை ஓரம் கட்டி அதைச் செய்கிறேன்.

வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஆய்வாளர் ஐயா, நான் இறங்கி உள்ளே வர வேண்டியதில்லை என்று நீங்களே வண்டிக்கு வந்தீர்கள். திடீர் பிரேக் போடச் சொல்லி மூன்று முறை பார்த்தீர்கள். இரக்கப்பட்டு விட்டுவிடாமல் சோதித்ததற்குத்தான் அதிக நன்றி. மோட்டார் வாகனச் சட்டத்தில் முன்பு 'இன்வாலிட் கேரேஜ்' (முடியாதவர் வண்டி) என்று இருந்ததை 2019 திருத்தம் 'அடாப்டட் வெஹிக்கிள்' (தேவைக்கேற்ப மாற்றிய வண்டி) என்று மாற்றியது. என் ஆர்.சி.யில் அந்தச் சொல்லைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

வேப்பமர நிழலைக் காருக்கு ஒதுக்கி, சாய்தளம் போட வைத்த தலைமை ஆசிரியருக்கும், வீல்சேரின் சக்கரத்தை நானே மாட்டி முடிக்கும்வரை குறுக்கே வராமல் குடை பிடிக்கும் சத்துணவு அம்மாவுக்கும் நன்றி.

கடைசியாகத் தம்பி. ஏழு வருடம் உன் வேலை நேரத்தை என் பள்ளி மணிக்கு மாற்றிக்கொண்டாய். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. போன வாரம் உனக்குக் காய்ச்சல், டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். பக்கத்து சீட்டில் போர்வையோடு உட்கார்ந்து, வழியெல்லாம் வலது காலைத் தரையில் அழுத்தி பிரேக் போட்டபடியே வந்தாய். திரும்பி வரும்போது தூங்கிவிட்டாய்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்