பிராசஸரைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னது நீங்கள்தான்

பெறுநர்: மேலாளர் அவர்கள், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: 2017 ஆகஸ்டில் வாங்கிய லேப்டாப்பில் பிராசஸரை மாற்ற முடியாதது குறித்து ஐந்தாவது கடிதம்

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். இதற்கு முன் நான்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நான்குக்கும் "உங்கள் புகார் எங்களுக்கு முக்கியமானது, 48 மணி நேரத்தில் தொடர்புகொள்வோம்" என்ற ஒரே பதில்தான் வந்தது. ஆறு வாரமாகியும் அந்த 48 மணி நேரம் முடிந்தபாடில்லை. அதனால் இந்த முறை கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

மாடல் எண், வரிசை எண், பில் எல்லாம் ஏற்கெனவே நான்கு முறை கொடுத்தாயிற்று. நீங்கள் செய்த பொருள், உங்களுக்கே தெரியும். இன்டெல்லின் ஐ5 7200யூ பிராசஸர் போட்டது. அதே வரிசையில் ஐ7 7700ஹெச்க்யூ போட்ட, கொஞ்சம் தடித்த மாடல் ஒன்றும் வைத்திருந்தீர்கள். இரண்டில் எதை எடுப்பது என்று ஒரு வாரம் மண்டையைக் குடைந்துகொண்டேன். நான் பாட வீடியோ தயாரிக்கிறவள். வெட்டி ஒட்டி முடித்துக் கடைசியில் எக்ஸ்போர்ட் போடும்போது என் மாதிரி ஆளுக்குப் பிராசஸர்தான் எல்லாம். வேகமானதை இப்போதே வாங்கிவிடலாமா, இல்லை ஐ5-ஐ எடுத்துக்கொண்டு, வேலை பெருகியதும் பிராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா? உங்கள் விற்பனை சாட்டில் இதையேதான் கேட்டேன். வந்த பதிலை ஓர் எழுத்துகூட மாற்றாமல் தருகிறேன்: "இப்போதைக்கு ஐ5 போதும் மேடம். தேவைப்பட்டால் பின்னால் பிராசஸரை அப்கிரேட் செய்துகொள்ளலாம்." ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. தேதியும் நேரமும் அதில் தெளிவாகத் தெரிகின்றன.

நம்பினேன். வீட்டு டெஸ்க்டாப்பில் என் தம்பி பிராசஸர் மாற்றியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். சாக்கெட் ஓரத்துக் கம்பியைத் தூக்கினான், பழையதை எடுத்தான், புதியதை வைத்தான், பேஸ்ட் தடவி விசிறியைப் பூட்டினான். கால் மணி நேர வேலை. லேப்டாப்பிலும் அப்படித்தான் போல என்று நினைத்துக்கொண்டேன். போதாக்குறைக்கு, ஐ5 எடுத்ததில் மிச்சமான பணத்தைக் கூடுதல் ரேமிலும் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), கோப்புகளைச் சேமிக்கும் பெரிய எஸ்எஸ்டியிலும் போட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன், அங்கேதான் வயிறு எரிகிறது.

முதலில் உங்கள் சேவை மையத்தில் முன்மேசையில் இருந்த அந்த ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரண்டாவது முறை போனபோது நடந்தது. டோக்கன் 47. ஒன்றே முக்கால் மணி நேரம் நின்றபிறகு என் முறை வந்தது. பிராசஸரை அப்கிரேட் செய்ய வேண்டும் என்று சொன்னேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "லேப்டாப் என்ன சைக்கிளா மேடம், செயின் மாத்துற மாதிரி பிராசஸர் மாத்த?" என்றார். பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். சாட்டில் நீங்கள்தானே சொன்னீர்கள் என்று போனை நீட்டினேன். "சாட்ல ஆயிரம் சொல்லுவாங்க. வாங்குறதுக்கு முன்னாடி நீங்க படிச்சுப் பார்த்திருக்கணும்." எதைப் படித்திருக்க வேண்டும்? உங்கள் பெட்டியிலும் கையேட்டிலும் பிராசஸரை மாற்ற முடியாது என்று ஒரு வரி இருந்தால் காட்டுங்கள், இந்தக் கடிதத்தை இப்போதே கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

அதோடு விடவில்லை. "ஐ7 வாங்கியிருந்தாலும் ரெண்டு கோர்தான், பெரிய வித்தியாசம் இல்ல" என்று எனக்குப் பாடம் வேறு. கோர் என்றால் பிராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி. அவர் சொன்னது ஐ7-இலேயே 7500யூவுக்குப் பொருந்தும், அதில் இரண்டு கோர்தான். நான் கேட்டது 7700ஹெச்க்யூ. அதில் 4 கோர், 8 திரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலை வரிசை). என்னுடையதில் 2 கோர், 4 திரெட். பாதிக்குப் பாதி! உங்கள் நிறுவனம் விற்ற மாடலில் என்ன இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொல்லித்தான் உங்கள் ஊழியருக்குத் தெரிய வேண்டுமா?

சரி. கோபத்தில் வரிசை மாறிவிட்டது, மன்னிக்கவும்.

முதல் முறை போனபோது "இது விற்பனைப் பிரிவு சமாச்சாரம்" என்று திருப்பி அனுப்பினார்கள். விற்பனைப் பிரிவுக்குப் போன் செய்தால் "வாரண்டி முடிந்துவிட்டது, சேவை மையத்துக்குப் போங்கள்" என்றார்கள். வாரண்டியில் பழுது பார்க்கவா கேட்டேன்? காசு கொடுத்து மாற்றத்தானே கேட்டேன்! அப்புறம் ஒருநாள் சேவை மையத்திலிருந்தே போன் வந்தது: "மேடம், உங்க பார்ட் வந்துடுச்சு." அரை நாள் வேலையைப் போட்டுவிட்டு ஓடினேன். கையில் எடுத்துக் கொடுத்தது ஒரு ரேம். பிராசஸர் கேட்டவளுக்கு ரேம்! அதுவும் டிடிஆர்3, பழைய ரகம். என் லேப்டாப்பில் இருப்பது டிடிஆர்4. இரண்டிலும் அடியோரத்தில் இருக்கும் வெட்டு ஒரே இடத்தில் இருக்காது, அமுக்கினாலும் உட்காராது. டிடிஆர்3-இல் 204 தொடுமுனை, டிடிஆர்4-இல் 260. உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை, என் இரண்டு ஸ்லாட்டும் ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன. யாருடைய ரேமை எனக்குக் கொடுக்கப் பார்த்தார்களோ, அந்தப் புண்ணியவானும் இந்நேரம் உங்களுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பார்.

உண்மையைச் சொன்னது அங்கே பின்னறையில் இருக்கும் இளம் பொறியாளர் ஒருவர் மட்டும்தான். அவர் மீது நடவடிக்கை எதுவும் எடுத்துவிடாதீர்கள், உங்களிடம் இருக்கும் ஒரே நல்ல ஆள் அவர். முன்மேசையில் என் குரல் உயர்ந்ததைக் கேட்டு வெளியே வந்தார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பின்மூடியைக் கழற்றி, செம்புக் குழாயோடு சேர்த்து, சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கைத் தூக்கினார். சாம்பல் நிறத்தில் காய்ந்து கிடந்த பேஸ்ட்டைத் துணியால் துடைத்தார். கண்ணாடி மாதிரிப் பளபளவென்று இரண்டு செவ்வகம், ஒன்று பெரியது, ஒன்று சின்னது. அதுதான் பிராசஸராம். போன் டார்ச்சை அடித்து ஓரத்தைக் காட்டினார். கம்பி இல்லை, சாக்கெட் இல்லை. "அடியில மொத்தம் 1356 சால்டர் குண்டு மேடம், எல்லாத்தையும் போர்டோட சேர்த்து உருக்கி ஒட்டியிருக்கு" என்றார். நான் ஆசைப்பட்ட 7700ஹெச்க்யூவுக்கு 1440 குண்டாம். என்னுடையதைப் பிரித்து எடுத்தாலும் அந்த இடத்தில் அது பொருந்தாது. பொருந்தினாலும் என் லேப்டாப்பின் குளிர்விப்பு 15 வாட்டுக்குச் செய்தது, அது 45 வாட் சூட்டைக் கக்கும். இன்டெல்லின் 4ஆம் தலைமுறை வரை, அதாவது 2013 வாக்கில் வந்த லேப்டாப்களில், எம், எம்க்யூ என்று முடியும் பிராசஸர்கள் சாக்கெட்டில் உட்கார்ந்திருந்தன, கழற்றி மாற்றலாம். 5ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல்லின் லேப்டாப் பிராசஸர் எல்லாமே ஒட்டியதுதான். என்னுடையது 7ஆம் தலைமுறை. உங்கள் சாட் ஊழியர் எந்தக் காலத்து லேப்டாப்பை மனதில் வைத்துப் பதில் சொன்னாரோ!

பிராசஸர் ஒட்டியிருக்கும் மதர்போர்டையே மாற்றலாமா என்று கேட்டேன். புது லேப்டாப் விலையில் முக்கால்வாசி சொன்னார்கள். அதிலும் அதே ஐ5தான் வருமாம்! இந்த உடலுக்குள் நுழைகிற போர்டு அது ஒன்றுதான்.

இப்போது அந்த ரேம், எஸ்எஸ்டி விஷயத்துக்கு வருகிறேன். என் லேப்டாப்பில் பின்னால் மாற்றக்கூடியவை அவை இரண்டும்தான். நான்கு திருகு கழற்றினால் போதும். பிராசஸர், வாங்குகிற அன்றைக்கு எதுவோ கடைசி வரை அதுதான். இது அன்றே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? ஐ7-ஐ எடுத்துக்கொண்டு, ரேமைக் குறைவாக வாங்கி, கையில் காசு வரும்போது சேர்த்திருப்பேன். உங்கள் ஒரு வரிப் பதிலை நம்பி எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்துவைத்திருக்கிறேன். இருபது நிமிட வீடியோ ஒன்று எக்ஸ்போர்ட் ஆக ஒன்றரை மணி நேரம். விசிறி கத்தும், சூடு ஏறும், வேகம் தானாக இறங்கும். இரண்டு வருஷத்தில் பாதி, எக்ஸ்போர்ட் எவ்வளவு முடிந்தது என்று காட்டும் அந்த நீலக் கோடு நகர்வதைப் பார்த்தே கழிந்தது. வந்த வேலைகளில் பாதி கைநழுவிப் போயிற்று. என் தொழிலே படுத்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் சண்டைக்காரி இல்லை. உங்கள் லேப்டாப்பின் திரையும் விசைப்பலகையும் நன்றாகவே இருக்கின்றன, அதை மறைக்கவில்லை. இதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, நியாயமான விலை போட்டு, நான்கு கோருக்குக் குறையாத மாடல் ஒன்றை மிச்சப் பணத்துக்குத் தாருங்கள். சாட்டில் சொன்னது தவறு என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளுங்கள். இனி விற்கிற பெட்டிகளில், எது மாற்றக்கூடியது, எது ஒட்டியது என்று ஒரு வரி அச்சடியுங்கள். சைக்கிள் செயின் என்று சொன்னவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். போனில் கேட்டாலும் போதும்.

பதினைந்து நாள் பொறுத்திருப்பேன். அதற்குள் பதில் வராவிட்டால் ஸ்கிரீன்ஷாட்டோடு நுகர்வோர் மன்றத்துக்குப் போவேன். வழக்கறிஞரிடம் பேசியாகிவிட்டது. அந்த நிலைமை வராது என்றே இன்னமும் நம்புகிறேன். இன்னொரு தானியங்கிப் பதிலை மட்டும் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் முந்தைய நான்கு மின்னஞ்சல்களிலும் உள்ளன)

பி.கு.: மூன்றாவது முறை மையத்திலிருந்து திரும்பி வந்தபோது பின்மூடியில் ஒரு திருகைக் காணவில்லை. இடது ஓரம், கீழே. அதையும் அனுப்பி வையுங்கள்.