ஜியோன்ஜு கண்காட்சிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும் வணக்கம்.

தென்கொரியாவின் ஜியோன்ஜு நகரில் நடந்த என் காகிதக் கலைக் கண்காட்சி ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. சுவரில் இருந்ததையெல்லாம் இறக்கிக் கட்டியாயிற்று. கொரிய மொழியில் ஒரு நன்றிக் குறிப்பை வாசலில் ஒட்டியிருந்தேன். அதில் இடமும் குறைவு, என் கொரிய மொழியும் குறைவு. அதனால் மனதில் உள்ளதைத் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். இங்கே ஆராய்ச்சி படிக்கும் நம் பிள்ளைகள் உரியவர்களுக்கு இதை வாசித்து அர்த்தம் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் நன்றி, ஹன்ஜி என்னும் கொரியக் கைத்தாளைச் செய்து கொடுத்த பெரியவருக்கு. ஐயா, பார்க்க வந்த நம் ஊர்க்காரர்கள் பலர் என் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “இது என்ன காகிதம், கிழியவே மாட்டேன் என்கிறதே” என்றுதான் கேட்டார்கள். எனக்கு அதில் வருத்தமே இல்லை. தாக் என்னும் காகித மல்பெரி மரத்தின் ஓராண்டுக் கிளைகளைக் குளிர்காலத்தில் வெட்டி, ஆவியில் வேகவைத்து, பட்டையை உரித்து, கருந்தோலைச் சீவி, சாம்பல் நீரில் கொதிக்கவைத்து, அலசி, தூசு பொறுக்கி, அடித்து நாராக்கி... ஒரு தாளுக்கு நூறு கைவேலை என்று உங்கள் ஊரில் சொல்வார்கள். உங்கள் பட்டறையில் நின்று பார்த்தபிறகு அதை மிகைப்படுத்தல் என்று நான் நினைப்பதில்லை.

அதுவும் கடுங்குளிரில். நார்கள் தொட்டியின் அடியில் போய்த் தங்கிவிடாமல் தண்ணீரில் பரவி நிற்க, தாக்புல் செடியின் வேரை நசுக்கிக் கிடைக்கும் வழவழப்பான சாற்றைக் கலக்க வேண்டும். அந்தச் செடி நம் வெண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. வெயில் ஏறினால் சாறு நீர்த்துவிடும், தாள் சரியாக அமையாது. ஆகவே நல்ல தாள் வேண்டுமென்றால் யாரோ ஒருவர் விறைக்கும் தண்ணீரில் கைவிட்டே ஆகவேண்டும். அந்தக் கைகள் உங்களுடையவை.

ஒற்றைக் கயிற்றில் தொங்கும் மூங்கில் தட்டியில் கூழ்நீரை மொண்டு முன்னும் பின்னும், அப்புறம் இடமும் வலமும் நீங்கள் வழியவிடும்போது நார்கள் குறுக்கும் நெடுக்குமாகப் படிகின்றன. அப்படி எடுத்த இரண்டு தாள்களைத் தலைமாற்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒரே தாளாக்குகிறீர்கள். என் ஜும்ச்சி வேலை முழுக்க அந்தப் பின்னலை நம்பித்தான் நடக்கிறது. தாள்களை ஈரமாக அடுக்கி, மணிக்கணக்கில் பிசைந்து, உருட்டி, மறுபடி விரிக்கிறேன். ஒரு சொட்டுப் பசை இல்லாமலே அவை ஒட்டிக்கொள்கின்றன. கடையில் கிடைக்கும் மலிவு மெஷின் தாளில் இதைச் செய்தால் கூழ்தான் மிஞ்சும்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் என்னிடம் வாங்கியது நியாயமான விலை இல்லை. நஷ்டம் உங்களுக்குத்தான். அடுத்த முறை முழு விலையும் வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நான் வாசலைவிட்டு நகரமாட்டேன்.

அடுத்த வீட்டு ஹல்மோனிக்கு என்ன சொல்வது? பாட்டி, இடிக்கப்போகும் வீட்டிலிருந்து அந்த மரச்சட்டக் கதவுகளைக் கழற்றி வைத்துக் கொடுத்தீர்கள். கொடுத்ததோடு விடவில்லை. பழைய தாளை ஊறவைத்து உரிப்பது எப்படி, புதுத் தாளை ஒட்டியதும் வாயில் தண்ணீர் வைத்து ஊதித் தெளிப்பது எப்படி என்று கூடவே இருந்து காட்டினீர்கள். காய்ந்ததும் தாள் தானாகவே இறுகி மத்தளத்தோல் போல நின்றது. கைப்பிடி ஓரத்தில் இரண்டு தாள்களுக்கு நடுவே நீங்கள் வைத்த சிவந்த மேப்பிள் இலையை அப்படியே விட்டுவிட்டேன். அவுரிச் சாயம் தோய்த்த என் தாள்களைவிட அந்த இலையைத்தான் அதிகம் பேர் படமெடுத்தார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

பூச்சி அரித்த ஏடுகளைத் தூக்கிப் போடாமல் எனக்காக எடுத்துவைத்த பழைய புத்தகக் கடைக்காரருக்கும் நன்றி. நடுச்சுவரில் தொங்கிய கயிறுகளெல்லாம் அந்த ஏடுகளைக் கீறி முறுக்கியவை. ஜிசுங் என்னும் இந்த முறுக்கு வேலைக்குப் பயன்படுத்திய தாள்தான் வழக்கம். அந்தக் காலத்தில் இதில் கூடை பின்னினார்கள், அரக்கு பூசித் தண்ணீர்ப் பாத்திரம் செய்தார்கள், மணப்பெண் பல்லக்கில் வைக்கும் மூத்திரக் கலயம்கூடச் செய்தார்கள். திறப்பு விழாவில் இதைச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு சிறுமி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

முதலில் பேசிவைத்த கூடம் கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டது. காரணம் கேட்டேன், சொல்லவில்லை. சரி, போகட்டும். தன் கஃபேயின் மாடியை வாடகை பேசாமலே திறந்துவிட்ட அண்ணனுக்குத்தான் இந்தப் பத்தி. காபி விற்பனை கூடியது என்று நீங்கள் சொன்னது என் மனசுக்காகச் சொன்னது என்று தெரியும்.

அந்த மாடிப்படி இருக்கிறதே! செங்குத்து, குறுகல். அதில் கதவுச் சட்டங்களைச் சுமந்து ஏற்றிய தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரு சங்கதி. இந்த ஊரில் காகிதத்தைச் சுமப்பது பழைய பழக்கம். 1592இல் ஜப்பானியர் படையெடுத்தபோது அப்போது கொரியாவை ஆண்ட ஜோசன் வம்சத்தின் அரச வரலாற்றுப் பிரதிகள் மற்ற இடங்களில் அழிந்துபோயின. ஜியோன்ஜு பிரதி மட்டும் தப்பியது. அன் உய், சொன் ஹொங்-ரொக் என்ற இந்தப் பகுதிப் படிப்பாளிகள் இரண்டு பேர் அதை நேஜாங் மலைக்குக் கொண்டுபோய் ஒளித்துக் காவல் காத்தார்கள். நீங்கள் ஏறியது இரண்டாம் மாடிதான், இருந்தாலும் அந்த வரிசையில் உங்களைச் சேர்க்க எனக்குத் தயக்கமில்லை.

நேரில் பார்த்தேயிராத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். கொரிய ஓவியர் குவோன் யங்-வூ 1960களிலேயே தூரிகையை ஒதுக்கிவிட்டு, தாளை விரலால் கிழித்தும் துளைத்தும் காட்டினார். மை இல்லாமலும் தாள் பேசும் என்ற தைரியம் எனக்கு அவரிடமிருந்து வந்தது. இன்னொரு கொரியக் கலைஞர் சுன் குவாங்-யங் பழைய புத்தகத் தாளில் சின்னச் சின்ன முக்கோணப் பொட்டலங்கள் கட்டி ஆயிரக்கணக்கில் அடுக்குவார். சிறுவயதில் மருந்துக்கடைக் கூரையிலிருந்து தொங்கிய மூலிகைப் பொட்டலங்களின் நினைவு அது. என் கயிறுகளைப் பார்த்து அவர் பெயரைச் சொன்னவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் அவர் பொதிகிறார், நான் அவிழ்க்கப் பார்க்கிறேன். வேறுபாடு அவ்வளவுதான், இப்போதைக்கு.

வீட்டில், குளியலறையை மாதக்கணக்கில் ஈரத் தாள்களோடு பகிர்ந்துகொண்ட என் கணவருக்கு: தாள் காயப்போட்ட கொடியைக் கழற்றிவிட்டேன்.

ஹல்மோனி, கதவுகள் வரும் சனிக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருகின்றன. தம்பி தங்கைகளே, இறக்குவதற்கும் ஆள் வேண்டும். பிரியாணி என் பொறுப்பு. குடையை விட்டுவிட்டுப் போனவர் கஃபே கல்லாவில் கேட்டு வாங்கிக்கொள்ளவும்.

அன்புடன்,
உங்கள் அக்கா