இன்சினரோரைச் சாகவிடாதே

அன்புள்ள செந்தில்,

பதில் எழுத ரொம்பத் தாமதம் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது காலையில் பேப்பரை யாருக்கும் கொடுக்காமல் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அவரே படிக்கிறார். உன்னை விசாரித்தார், கல்யாணத்துக்கு வந்தபோது நீ சரியாகச் சாப்பிடவே இல்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். புது வேலை எனக்குப் பழகிவிட்டது, ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துவிடுகிறேன், அதனால்தான் நீ அனுப்பிய போகிமான் கேம் போட்டி வீடியோவை நிதானமாக, நிறுத்தி நிறுத்திப் பார்க்க முடிந்தது.

"இன்சினரோரை எல்லோரும் வைத்திருக்கிறார்கள், நானும் வைத்திருக்கிறேன், எனக்கு மட்டும் ஏன் அது மூணாவது சுற்றிலேயே செத்துப்போகிறது?" என்று கேட்டிருந்தாய். எனக்கு மிகவும் பிடித்த போகிமான் அந்த நெருப்பு-இருட்டு வகைப் பூனை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீ அதை அடிக்கிற ஆளாக வைத்திருக்கிறாய். அதன் வேலை உள்ளே வருவதும் வெளியே போவதும். மறுபடி உள்ளே வருவதற்கு அது உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

2016-இல் சன், மூன் கேம்கள் வந்தபோது, வளர்ந்து இன்சினரோர் ஆகிற லிட்டனைத் தேர்ந்தெடுத்தவன் நீ, அதனால் ஆரம்பக் கதை உனக்குத் தெரியும். அப்போது அதற்கு எபிலிட்டியாக, அதாவது பிறவித் திறனாக, பிளேஸ் மட்டும்தான் இருந்தது, போட்டியில் அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அதன் மறைந்த எபிலிட்டியான இன்டிமிடேட் கைக்குக் கிடைத்த பிறகு, 2018 சீசனில், எல்லாமே மாறிவிட்டது. அப்போதுகூட அதனிடம் எதிரியைப் பலவீனமாக்கிவிட்டு வெளியேறுகிற பார்ட்டிங் ஷாட் மூவ் கிடையாது, அடித்துவிட்டு வெளியேறுகிற யூ-டர்ன் போட்டுத்தான் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அடுத்து வந்த சோர்ட், ஷீல்ட் கேம்களில் பார்ட்டிங் ஷாட் கிடைத்தது. ஸ்கார்லெட், வயலெட்டில் 2023 டிசம்பரில் இண்டிகோ டிஸ்க் என்கிற கூடுதல் தொகுப்போடு திரும்பி வந்தபோது ஃபேக் அவுட், பார்ட்டிங் ஷாட், இருட்டு அடியான நாக் ஆஃப், நெருப்பு அடியான ஃபிளேர் பிளிட்ஸ் நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்துவிட்டன. இரண்டுக்கு இரண்டு ஆட்டத்தில் இதைவிடச் சிறந்த துணை ஆட்டக்காரன் இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

ஒரு தடவை அது களத்தில் இறங்கினால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார். இன்டிமிடேட் எதிரணி இரண்டு பேரின் அட்டாக்கையும், அதாவது நேரடி அடியின் பலத்தையும், ஒரு படி இறக்குகிறது, அதாவது 100 அடிக்க வேண்டியவன் 67 தான் அடிப்பான். இன்னொரு முறை இறங்கினால் 50. இறங்கிய முதல் சுற்றில் மட்டும் வேலை செய்கிற ஃபேக் அவுட், எதிரி ஒருவனை அந்தச் சுற்றுக்கு முழுதாக உட்காரவைத்துவிடுகிறது. பிறகு பார்ட்டிங் ஷாட் போட்டால் ஒருவனின் அட்டாக், ஸ்பெஷல் அட்டாக் இரண்டும் இறங்கும், இதுவும் பெஞ்சுக்குப் போய்விடும், வேறொருவன் உள்ளே வருவான். இரண்டு சுற்று கழித்துப் பூனை திரும்பி வந்தால் இன்டிமிடேட் புதிதாக விழும், ஃபேக் அவுட்டும் புதிதாகத் தயார். நான்கே பேரை எடுத்துக்கொண்டு போகிற ஆட்டத்தில் இந்தச் சுழற்சியை இரண்டு தடவை முடித்துவிட்டால் எதிரியின் திட்டம் பாதி குலைந்துவிடும். இதில் எந்த இடத்திலும் இன்சினரோர் யாரையும் வீழ்த்தவே இல்லை என்பதைக் கவனி.

இப்போது உன் வீடியோ. நீ இறக்கியது இன்சினரோரும் ஐஸ் ரைடர் கேலிரெக்ஸும், அவன் இறக்கியது மிரைடானும் அயர்ன் ஹேண்ட்ஸும். ஃபேக் அவுட்டால் அயர்ன் ஹேண்ட்ஸை உட்காரவைத்துவிட்டு கேலிரெக்ஸ், மெதுவானவனை முன்னால் அடிக்கவிடுகிற டிரிக் ரூமைப் போட வேண்டும் என்பது உன் எண்ணம், நல்ல எண்ணம்தான். ஆனால் அயர்ன் ஹேண்ட்ஸிடமும் ஃபேக் அவுட் இருக்கிறது. இருவரும் ஒரே சுற்றில் அதைப் போட்டால் வேகமானவனுடையது முதலில் விழும். உன் இன்சினரோருக்கு வேகத்தைக் குறைக்கிற நேச்சர் கொடுத்து, வேகத்தின் பிறவி மதிப்பான ஐ.வி.யையும் பூஜ்யமாக்கி வைத்திருக்கிறாய், லெவல் 50-இல் அதன் வேகம் 58 தான். எதுவும் குறைக்காமல், எதுவும் ஏற்றாமல் சும்மா விட்டிருந்தாலே 80 வந்திருக்கும். அயர்ன் ஹேண்ட்ஸைச் சும்மா விட்டால் 70. இந்த வித்தியாசத்தில்தான் உன் முதல் சுற்று போனது: அவனுடைய ஃபேக் அவுட் முதலில் விழுந்து கேலிரெக்ஸ் உட்கார்ந்துவிட்டது, டிரிக் ரூம் வரவில்லை, உன் ஃபேக் அவுட் ஏற்கெனவே தன் வேலையை முடித்துவிட்டவன் மேல் போய் விழுந்தது.

மெதுவாக வைத்திருப்பதிலும் லாபம் இருக்கிறது, அதை இல்லை என்று சொல்லவில்லை. மெதுவான பூனை கடைசியில்தான் பார்ட்டிங் ஷாட் போடும், அதற்குள் எதிரிகள் இருவரும் அடித்து முடித்திருப்பார்கள், உள்ளே வருகிறவன் மேல் அந்தச் சுற்றில் ஒரு கீறலும் விழாது. ஆனால் நீ ஆடுவது டிரிக் ரூம் அணி. டிரிக் ரூமுக்குள் மெதுவானவன் முன்னால் அடிப்பான், அப்போது உன் 58 வேகப் பூனை முதலிலேயே வெளியேறிவிடும், வருகிறவன்தான் அத்தனை அடியும் வாங்குவான். ஆக, நீ கொடுத்த விலைக்கு உனக்குத் திரும்பக் கிடைப்பது ரொம்பக் குறைவு. 80-க்கு மாற்றிவிடு. கேர்ஃபுல் நேச்சர், பயிற்சிப் புள்ளிகளை ஹெச்.பி.யில் (உயிரில்) முழுதாகப் போடு, 202 வரும், மிச்சத்தை இரண்டு டிஃபென்ஸுக்கும் பிரித்துக்கொள்.

இரண்டாவது சுற்றுதான் எனக்கு உண்மையாகவே வலித்தது. மிரைடான் கேலிரெக்ஸை முடித்துவிட்டது. அயர்ன் ஹேண்ட்ஸ் உன் பூனை மேல் டிரெய்ன் பஞ்ச் போட்டது, இன்டிமிடேட் விழுந்திருந்ததால் தாங்கிவிட்டது, உடனே சிட்ரஸ் பெர்ரி தின்று கால் பங்கு ஹெச்.பி.யையும் மீட்டுக்கொண்டது. அந்தச் சுற்றில் பாக்கி இருந்தது உன் முறை மட்டும். நீ மிரைடான் மேல் ஃபிளேர் பிளிட்ஸ் போட்டிருக்கிறாய். டிராகன் மேல் நெருப்பு பாதிதான் ஏறும் என்பது உனக்குத் தெரியாததா? கொடுத்த சேதத்தில் மூன்றில் ஒரு பங்கு உனக்கே திரும்பியும் வந்தது. அடுத்த சுற்றில் இன்னொரு டிரெய்ன் பஞ்ச், கதை முடிந்தது.

அதே இடத்தில் மிரைடான் மேல் பார்ட்டிங் ஷாட் போட்டு, பெஞ்சில் இருந்த ரில்லபூமை உள்ளே கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் பார். மிரைடானின் ஸ்பெஷல் அட்டாக் ஒரு படி கீழே. ரில்லபூம் கால் வைத்ததுமே மிரைடான் விரித்திருந்த எலக்ட்ரிக் டெரெயின் (மின்சாரக் களம்) போய் கிராஸி டெரெயின் (புல் களம்) வந்திருக்கும். அதனால் மிரைடானுக்கு அதன் எபிலிட்டி ஹாட்ரான் எஞ்சின் கொடுத்துக்கொண்டிருந்த ஏற்றமும், மின்சார அடிகளுக்கு டெரெயின் கொடுத்த ஏற்றமும் இரண்டும் போயிருக்கும். அயர்ன் ஹேண்ட்ஸின் பலத்தை ஏற்றுகிற குவார்க் டிரைவ் எபிலிட்டியும் அந்த டெரெயினை நம்பித்தான் ஓடிக்கொண்டிருந்தது, அவன் கையில் இருந்தது அசால்ட் வெஸ்ட், டெரெயின் இல்லாமலே அதை ஓட்டுகிற பூஸ்டர் எனர்ஜி இல்லை, ஆக அதுவும் அணைந்திருக்கும். மிரைடானின் எலக்ட்ரோ டிரிஃப்ட் புல் வகையான ரில்லபூம் மேல் பாதிதான் ஏறும். கேலிரெக்ஸ் போன இடத்துக்கு உன் உர்ஷிஃபு வந்திருக்கும், அடுத்த சுற்றில் ரில்லபூமின் ஃபேக் அவுட் தயாராக இருந்திருக்கும், பூனை 100-க்கு மேல் ஹெச்.பி.யோடு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். ஒரு ஆளை இழந்த நிலையிலும் ஆட்டம் உன் கைக்கு வந்திருக்கும்டா. கடைசியில் அயர்ன் ஹேண்ட்ஸ் தனி ஆளாக நின்று உன்னுடைய இரண்டு பேரையும் அடித்துத் தீர்த்ததே, அந்த நேரத்தில் உன்னிடம் ஒரே ஒரு இன்டிமிடேட் பாக்கி இருந்திருந்தால் போதும்.

2014-இல் உன் ரூமில் உட்கார்ந்து உலகப் போட்டி பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? தென் கொரியாவின் செஜுன் பார்க் பாச்சிரிசுவை வைத்து ஜெயித்த வருஷம். அந்தக் குட்டி அணில் ஃபாலோ மீ போட்டு அடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டது, பக்கத்தில் கியாரடோஸ் நிம்மதியாக வேலை பார்த்தது. அன்றைக்கு ராத்திரி முழுக்க அதைப் பற்றியேதான் பேசினாய், துணை நிற்கிறவனை வைத்தும் ஜெயிக்கலாம் என்று அப்போதே உனக்குப் புரிந்திருந்தது. இன்சினரோரையும் அந்தக் கண்ணோடு பார். இதனிடம் 115 அட்டாக் இருப்பதுதான் எல்லோரையும் ஏமாற்றுகிறது.

எப்போதும் அடிக்கவே கூடாது என்றும் எடுத்துக்கொள்ளாதே. சில எதிரிகளிடம் அடி மட்டும்தான் செல்லும். கோல்டெங்கோவின் குட் ஆஸ் கோல்ட் எபிலிட்டி பார்ட்டிங் ஷாட்டைத் தொடவே விடாது, பேய் வகை என்பதால் ஃபேக் அவுட்டும் ஏறாது, அட்டாக்கை நம்பாமல் ஸ்பெஷல் அட்டாக்கால் அடிக்கிற ஆள் என்பதால் இன்டிமிடேட்டும் வீண். ஆனால் நாக் ஆஃப், ஃபிளேர் பிளிட்ஸ் இரண்டுமே அதன் மேல் இரட்டிப்பாக விழும், அதன் மேக் இட் ரெயினும் ஷேடோ பாலும் நம் மேல் பாதிதான். தயங்காமல் அடி. கேலிரெக்ஸின் இன்னொரு வடிவமான ஷேடோ ரைடர் கேலிரெக்ஸ் மேல் நாக் ஆஃப் நான்கு மடங்கு, அதன் ஆஸ்ட்ரல் பாரேஜ் நம்மைப் பாதிதான் தொடும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள், எதிரே கேலிரெக்ஸ் நிற்கும்வரை உன் பூனையால் பெர்ரி தின்ன முடியாது. அப்படிப்பட்ட அணிகளை நிறையச் சந்திக்கிறாய் என்றால் சிட்ரஸை விட்டு வேறு பொருளுக்குப் போ. சேஃப்டி காகிள்ஸ் எனக்குப் பிடிக்கும், அமூங்கஸின் தூங்கவைக்கிற ஸ்போர் பயமே இருக்காது. அசால்ட் வெஸ்ட் உனக்கு வேண்டாம், அதை மாட்டினால் பார்ட்டிங் ஷாட் போடவே முடியாது.

கிங்காம்பிட் இருக்கிற அணிக்கு எதிராகப் பூனையைக் கண்ணை மூடிக்கொண்டு முதலில் இறக்காதே. அதன் டிஃபையன்ட் எபிலிட்டி காரணமாக இன்டிமிடேட் விழுந்த உடனே அதன் அட்டாக் இரண்டு படி ஏறும், மொத்தத்தில் ஒரு படி லாபம் அவனுக்கு. ஆனாலும் அதன் இருட்டு, எஃகு அடிகள் நம் மேல் பாதிதான், நம் ஃபிளேர் பிளிட்ஸ் அதன் மேல் இரட்டிப்பு, ஆக நேருக்கு நேர் நிற்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. சண்டை வகை லோ கிக் வைத்திருக்கிறதா என்பதை மட்டும் டீம் ஷீட்டில் பார்த்துவிடு. நீ ஷீட்டை அவசரமாகப் புரட்டுகிறாய் என்று நினைக்கிறேன். எதிரியின் எபிலிட்டி, பொருள், நான்கு மூவ், டெராவால் மாறப்போகிற வகை எல்லாம் உன் கையில் கொடுத்துவிடுகிறார்கள், அதில் பூனைக்கு எதிரான நான்கைந்தை முதலில் தேடு: எதையும் இறங்கவிடாத கிளியர் ஆமுலெட், ஃபேக் அவுட்டால் உட்கார்ந்துவிடாமல் காக்கிற கவர்ட் குளோக், டிஃபையன்ட், அதைப் போலவே ஸ்பெஷல் அட்டாக்கை ஏற்றுகிற மிலோட்டிக்கின் காம்பெட்டிட்டிவ், ஃபேக் அவுட்டையே தடுக்கிற ஃபாரிஜிராஃபின் ஆர்மர் டெய்ல். இதில் பலர் தடுக்கி விழுகிற இடம் கிளியர் ஆமுலெட். அதை வைத்திருப்பவன் மேல் பார்ட்டிங் ஷாட் போட்டால் எதுவும் இறங்காது, எதுவும் இறங்காவிட்டால் உன் பூனையும் வெளியே போகாது, அங்கேயே மாட்டிக்கொள்ளும். அடி படாமல் காக்கிற புரொடெக்ட் மூவைப் போட்டவன் மேல் போட்டாலும் இதே கதிதான். எனவே பார்ட்டிங் ஷாட்டை யார் மேல் போடுவது என்று முடிவு செய்யும்போது, யார் பலசாலி என்பதற்கு முன்னால், இந்தச் சுற்றில் யார் நிச்சயமாக புரொடெக்ட் போட மாட்டான் என்று பார். அசால்ட் வெஸ்ட் மாட்டியவனால் புரொடெக்ட் போடவே முடியாது, அப்படி ஒருவன் எதிரே நின்றால் உனக்கு வெளியே போகிற வாசல் எப்போதும் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

டெராவைப் பற்றியும் (ஆட்டத்தில் ஒரே ஒருவன் தன் வகையை மாற்றிக்கொள்வது) கேட்டிருந்தாய். கிராஸ் (புல்) வைத்துக்கொள். நிலம், தண்ணீர் இரண்டும் பாதியாகிவிடும், உர்ஷிஃபுவின் சர்ஜிங் ஸ்டிரைக்ஸுக்கு எதிராக உயிர் பிழைக்க அது ரொம்ப உதவும். கோஸ்ட் (பேய்) வைப்பவர்களும் உண்டு, ஃபேக் அவுட்டும் சண்டை வகை அடிகளும் ஏறாது என்பதற்காக. ஆனால் உன் அணியில் டெரா கேலிரெக்ஸுக்குத்தான் போகும், பூனைக்குச் செலவழிக்கிற சந்தர்ப்பம் அபூர்வம், அதனால் இதில் தலையை உடைத்துக்கொள்ளாதே.

அப்புறம், எப்போதும் இன்சினரோரையே முதல் ஜோடியில் இறக்குவதையும் கொஞ்சம் நிறுத்திப் பார். எதிரி அதற்குத் தயாராகத்தான் வருகிறான். பின்னால் வைத்துக்கொண்டு, அவனுடைய பலமான ஆள் களத்தில் இறங்கிய பிறகு, அடி விழப்போகிற நேரத்தில் உள்ளே கொண்டுவந்தால் அதே இன்டிமிடேட்டுக்கு இரண்டு மடங்கு மதிப்பு.

அடுத்த ஞாயிறு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆன்லைனில் வா. நான் மிரைடான், அயர்ன் ஹேண்ட்ஸ் அணியை எடுத்து வருகிறேன், நீ வேகத்தை மட்டும் மாற்றிவிட்டு அதே ஆறு பேரோடு வா, அந்த ஆட்டத்தையே திரும்பத் திரும்ப ஆடிப் பார்ப்போம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
குமார்